பறங்கிப்பட்டையும் மலைத்தாமரையும்

நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை கேட்டால் கையில் வருவது மரப்பட்டை அல்ல. முண்டும் முடிச்சுமாக, கல்போலக் காய்ந்த கிழங்கு. வெட்டிய முகம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். சித்த வைத்தியத்தில் பறங்கிப்பட்டைச் சூரணத்துக்கு இதுதான் முதற்சரக்கு. விளைவதோ சீனாவிலும் அதைச் சுற்றிய கிழக்காசியாவிலும்.

அப்படியானால் பறங்கி எப்படி வந்தது? சிலுவைப்போர்க் காலத்து அரபியர், மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் ஃபிராங்க் இனத்தார் பெயரால் அழைத்தார்கள். அது பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ ஆகி, தமிழ் நாவில் பறங்கி ஆயிற்று. 1498இல் கள்ளிக்கோட்டைக்கும் பிறகு இலங்கைக்கும் வந்த போர்த்துக்கேயருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களோடு பரவிய மேகநோயை வடமொழி வைத்திய நூலான பாவப்பிரகாசம் ‘பிரங்க ரோகம்’ என்றே சொல்கிறது. அந்நோய்க்கு மருந்தாகச் சீனக் கிழங்கும் அவர்கள் கப்பல்களில் வந்தது. 1546இல் ஐரோப்பிய மருத்துவர் வெசாலியசும், 1563இல் கோவாவிலிருந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவும் இதைப் பற்றி எழுதினார்கள்.

பாரசீகர் இதைச் ‘சோப்சீனி’, அதாவது சீனக்கட்டை, என்றார்கள். ஐரோப்பியர் சீன வேர் என்றார்கள். இரண்டும் விளைந்த நாட்டைச் சொல்லும் பெயர்கள். தமிழர் பார்த்தது துறைமுகத்தில் சரக்கு இறக்கியவரை. அமெரிக்காவில் பிறந்த காய் பறங்கிக்காய் ஆனதும் இந்த வழக்கத்தில்தான்.

இக்கிழங்கின் உறவுக்கொடி ஒன்று இலங்கைக் காடுகளிலும் இயற்கையாக வளர்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்நாட்டின் பெயரையே சேர்த்து ‘சிமிலாக்ஸ் சைலானிக்கா’ என்றார். தமிழில் மலைத்தாமரை, சிங்களத்தில் கபரொஸ்ஸ. டிக்கோயாவில் தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் ஓரங்களில் தேட வேண்டிய கொடி இது. காட்டு வள்ளிக்கொடி என்று ஏமாந்துவிடக் கூடாது. இரண்டின் இலையிலும் அடியிலிருந்து நரம்புகள் வளைந்து நுனிக்கு ஓடும். ஆகவே இலைக்காம்பைப் பாருங்கள். மலைத்தாமரையின் காம்படி உறையிலிருந்து சோடியாகப் பற்றுக்கம்பிகள் கிளம்பும். வள்ளிக்குப் பற்றுக்கம்பி இல்லை; தண்டே சுற்றி ஏறும். வள்ளியின் காய் மூன்று சிறகோடு காய்ந்து வெடிக்கும். மலைத்தாமரையின் பெண்கொடியில் உருண்டைப் பழங்கள் கொத்தாகச் சிவக்கும்.

கடல் கடந்த கிழங்கின் பெயர் ஐந்நூறு ஆண்டாக வைத்தியர் வாயில் நிலைத்திருக்கிறது. மண்ணுக்குரிய கொடியின் பெயரும் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கவ்வாத்துக்கும் புல்வெட்டுக்கும் காட்டோரம் போய்வந்த பெரியவர்கள் இதற்கு வேறு பெயர் சொன்னால், அதையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.