வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சுப்பொறி

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டபோது, கட்சிக்காரர் தமக்காக வழக்காட வழக்கறிஞருக்கு அளிக்கும் அதிகார ஆவணமான வக்காலத்து முதல் பிராது வரை அனைத்தும் கையால் எழுதப்பட்டமையால், தெளிவான கையெழுத்துடைய குமாஸ்தாவையே சிறிய அலுவலகங்கள் பெரிதும் நம்பியிருந்தன. முன்தீர்ப்புகளைத் தேடுவதற்கு, 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் போன்ற தீர்ப்புத் தொகுப்பிதழ்கள் துணைநின்றன.

அமெரிக்காவில் 1870களில் ரெமிங்டன் நிறுவனம் விற்கத் தொடங்கிய தட்டச்சுப்பொறி பின்னர் இந்தியாவுக்கும் வந்து சேர, தாள்களுக்கிடையே மை பூசிய கார்பன் தாளைச் செருகி, நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் அலுவலகக் கட்டுக்குமான படிகளை ஒரே முறையில் அடித்தெடுக்க இயன்றது. அடியிலுள்ள படி மங்கலாகவே விழும். ஒரு சொல் பிழைத்தால் ஒவ்வொரு படியிலும் தனித்தனியே திருத்த வேண்டும். இக்கட்டுப்பாடு, வாக்கியத்தை மனத்தில் முழுதாக அமைத்துக்கொண்ட பின்னரே தட்டச்சருக்குச் சொல்லும் பழக்கத்தை வழக்கறிஞரிடம் வளர்த்தது என்பதும், மனுக்களின் செறிவுக்கு அது உண்மையில் உதவியது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறியைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த நூற்றாண்டின் இறுதியில் கணினி பரவியபோது, தட்டச்சர்களுள் பலர் அதே விரல் பயிற்சியோடு புதிய விசைப்பலகைக்கு மாறினர்.