பல்கலைக்கழக மதிப்பீட்டு முறை: வகுப்பிலிருந்து தரப்புள்ளி வரை

இளநிலைப் பட்டப் படிப்பில் மாணவர் பெறும் மதிப்பெண், வகுப்பு, தரக்குறி, தரப்புள்ளிச் சராசரி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு மதிப்பீட்டு முறை எனப்படுகிறது. அதன் எழுத்துச் சான்று மதிப்பெண் பட்டியல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்கிரிப்ட் என்று கேட்பது, எல்லாப் பருவங்களின் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டுத் தரும் படியை. இன்றைய இந்தியப் பட்டியலில் 'முதல் வகுப்பு' என்ற சொல்லும், 'ஏ பிளஸ்' என்ற எழுத்தும், 'கிரெடிட்' என்ற கணக்கும் ஒரே தாளில் இருக்கின்றன. முதலாவது இங்கிலாந்திலிருந்தும் மற்ற இரண்டும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. இரண்டு மரபுகள் ஒரே தாளில் கலந்திருப்பதால்தான் மாணவர்களுக்கு அதைப் படிப்பதில் குழப்பம் ஏற்படுகிறது.

கேம்பிரிட்ஜின் தரவரிசை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முற்காலத்தில் தேர்வு என்பது இலத்தீன் மொழியில் நடந்த வாய்மொழி வாதம். பதினெட்டாம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வாக மாறியது. கணிதத் தேர்வான டிரைபாஸில் தேறியவர்கள் ராங்ளர், சீனியர் ஆப்டிமே, ஜூனியர் ஆப்டிமே என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். அதோடு, முதல்வர் முதல் கடைசி ஆள் வரை வரிசை எண்ணும் அறிவிக்கப்பட்டது. முதலிடம் பெற்றவர் சீனியர் ராங்ளர். கடைசி இடத்துக்காரருக்குச் சக மாணவர்கள் ஒரு பெரிய மரக்கரண்டியைக் கொடுத்துக் கேலி செய்வார்கள். 1899-இல் இந்தியரான ஆர். பி. பராஞ்சபே முதலிடத்தைப் பெற்றபோது இந்தியப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

இந்த வரிசையின் குறையை 1890-ஆம் ஆண்டின் முடிவு நன்றாகக் காட்டியது. அப்போது பெண்கள் தேர்வு எழுதலாம், ஆனால் பட்டம் பெற முடியாது. அவர்களுடைய முடிவும் தனியாகவே படிக்கப்பட்டது. அந்த ஆண்டு நியூன்ஹாம் கல்லூரியின் பிலிப்பா ஃபாசெட் முதலிடத்து ஆண் மாணவரைவிட அதிக மதிப்பெண் பெற்றார். 'சீனியர் ராங்ளருக்கு மேல்' என்று அவர் பெயர் வாசிக்கப்பட்டது. பட்டியலில் அவருக்கு இடம் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான்.

வரிசை எண்ணுக்காகவே மாணவர்கள் தனிப் பயிற்சியாளர்களிடம் காலத்தைச் செலவிடுகிறார்கள், கணிதம் வளரவில்லை என்று கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஜி. எச். ஹார்டி. அவரே 1898-இல் நான்காம் இடம் பெற்றவர். 1909-ஆம் ஆண்டுத் தேர்வோடு வரிசை எண் அறிவிப்பு நின்றது. வகுப்புகள் மட்டும் இன்றுவரை தொடர்கின்றன.

கல்கத்தாவின் ஏழு மதிப்பெண்

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டன. அந்த மாதிரியில் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது; தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை. கற்பித்தவர் ஒருவர், திருத்துபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு இதில் பிறந்தது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் போடுவது, வெளித் தேர்வாளர், மையத் திருத்தம், மறுகூட்டல் என்று நம் மாணவர்கள் அறிந்த எல்லாமே இந்த ஒரு முடிவின் கிளைகள்தாம்.

1858-இல் கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறியவர் ஒருவர்கூட இல்லை. ஆறு பாடங்களில் ஐந்தில் நன்றாகத் தேறி, ஒன்றில் மட்டும் ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படாமல் குறைந்தவர்கள் இருவர் இருந்தனர். ஆட்சிக்குழு அந்தக் குறையை மன்னித்து, இருவரையும் இரண்டாம் வகுப்பில் தேறியவர்களாக அறிவித்தது. ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர், பின்னாளில் 'ஆனந்தமடம்' எழுதிய பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர். இந்தியாவில் கருணை மதிப்பெண்ணின் வரலாறு பல்கலைக்கழகத்தின் முதல் தேர்விலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். சென்னையின் முதல் பட்டதாரிகளும் இருவரே: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்.

எல்லாருக்கும் அந்தக் கருணை கிடைக்கவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. 1907-இல் மீண்டும் எழுதினார், அப்போதும் தேறவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தபட்சத்தைத் தொட வேண்டும், ஒன்றின் மிகுதி இன்னொன்றின் குறையை ஈடுகட்டாது என்பது விதி. ஒரே ஒரு விதி ஒரு மேதையை வாசலில் நிறுத்தியது. 1916-இல் அவருக்கு ஆராய்ச்சியின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் தந்தது கேம்பிரிட்ஜ். அங்கே அவரை அழைத்தவர், தரவரிசையை எதிர்த்த அதே ஹார்டி.

எழுத்துக் குறிகள்

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கற்பிப்பவரே திருத்துவார். யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785-இல் தம் நாட்குறிப்பில், தேர்வு எழுதிய 58 மாணவர்களை நான்கு இலத்தீன் பெயர்களின் கீழ் பிரித்து எழுதினார். மேல் நிலையில் 20 பேர், அடுத்து 16, அடுத்து 12, கடைசியில் 10. அமெரிக்கக் கல்லூரித் தரப் பிரிவுக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. 1897-இல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி, நூற்றுக்கு 95 முதல் ஏ, 85 முதல் பி, 76 முதல் சி, 75 என்றால் டி, அதற்குக் கீழ் ஈ என்று எழுத்தையும் விழுக்காட்டையும் இணைத்தது. இங்கே தோல்வியின் குறி ஈ. மறு ஆண்டே எல்லைகளை மாற்றித் தோல்விக்கு எஃப் வைத்தார்கள்.

நூற்றுக்கு நூறு என்ற அளவுகோலை விட்டு எழுத்துக்கு மாறப் பலரைத் தூண்டியது 1912-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டார்ச், எலியட் இருவரும் செய்த சோதனை. ஆங்கிலப் பாடத்தின் இரண்டு விடைத்தாள்களை அச்சிட்டுப் பல உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்களின் திருத்தம் கணக்கில் கொள்ளப்பட்டது. ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட, இன்னொருவர் 98 போட்டிருந்தார். மற்றொரு தாளுக்கு 50 முதல் 97 வரை கிடைத்தது. மொழிப் பாடம் என்பதால் இப்படி என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அடுத்து வடிவியல் தாளை அனுப்பினால் வேறுபாடு இன்னும் பெரிதாக வந்தது! விடைத்தாள் திருத்திப் பழகியவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. 71-க்கும் 73-க்கும் இடையே உண்மையான வேறுபாடு இருக்கிறதா என்று திருத்தியவரே உறுதியாகச் சொல்ல முடியாது. இருவரையும் ஒரே எழுத்தில் அடக்குவது நேர்மையானது. ஆனால் எழுத்தின் எல்லையில் நிற்கும் மாணவருக்கு அந்த ஒரு மதிப்பெண் முன்பைவிடப் பெரிதாகிவிடுகிறது. இந்தச் சிக்கலை எந்த முறையும் தீர்க்கவில்லை.

இந்தியாவில் மாற்றம்

1948-49-இல் இயங்கிய இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் என்றால் அது தேர்வு முறையில்தான் என்ற கருத்தை முன்வைத்தது. 1973-இல் பல்கலைக்கழக மானியக் குழு தேர்வுச் சீர்திருத்தத்துக்கான செயல்திட்டம் வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் அசையவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவியுடன் வளர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் மட்டும் பருவ முறையையும் எழுத்துத் தரத்தையும் முன்பே எடுத்துக்கொண்டன. தமிழகத்தில் 1978 முதல் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாங்களே தேர்வு நடத்தத் தொடங்கின.

விருப்பப் பாடத் தெரிவு முறைக்காக மானியக் குழு வகுத்த பத்துப் புள்ளி அளவு 2015 முதல் பரவலானது. ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி என்ற தேர்ச்சிக் குறி 4, எஃப் 0. ஆங்கிலத்தில் வேறு எழுத்துகளான இரண்டு 'பி'களும் தமிழில் ஒன்றாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேர வகுப்பு அல்லது இரண்டு மணி நேரச் செய்முறை ஒரு கிரெடிட்.

கணக்கு எளிது. ஒரு மாணவர் மூன்று கிரெடிட் தமிழில் 8, மூன்று கிரெடிட் ஆங்கிலத்தில் 7, நான்கு கிரெடிட் முதன்மைப் பாடங்கள் இரண்டில் 9, 5, நான்கு கிரெடிட் துணைப் பாடத்தில் 6, இரண்டு கிரெடிட் செய்முறையில் 10 புள்ளி பெறுகிறார் என்று கொள்வோம். கிரெடிட்டால் பெருக்கினால் 24, 21, 36, 20, 24, 20. கூட்டுத்தொகை 145. மொத்தக் கிரெடிட் 20. சராசரி 7.25. புள்ளிகளை மட்டும் கூட்டி ஆறால் வகுத்தால் 7.5 வரும், அது தவறு. செய்முறையில் வாங்கிய பத்து, முதன்மைப் பாடத்தில் வாங்கிய ஐந்தை ஈடுகட்டாததற்குக் காரணம் கிரெடிட்தான்.

பலரும் தடுமாறும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. 7.25 எத்தனை விழுக்காடு? பத்தால் பெருக்கினால் 72.5. ஒரு காலத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக்குச் சொன்ன 9.5-ஆல் பெருக்கினால் 68.9. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அட்டவணைப்படி 65. ஒரே உழைப்புக்கு மூன்று எண்கள். 70 விழுக்காடு கேட்கும் விண்ணப்பத்தில் ஒன்று உள்ளே விடும், மற்ற இரண்டும் வெளியே நிறுத்தும். பள்ளிக்குச் சொன்ன பெருக்கலைப் பட்டப் படிப்புக்குப் பயன்படுத்துவது செல்லாது. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் விதியே செல்லும்.

தேர்ச்சி வரம்பை யார் தளர்த்தலாம் என்ற பழைய கேள்வி கொரோனா காலத்தில் திரும்பி வந்தது. 2020 ஆகஸ்டில் தமிழக அரசு, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டிய மாணவர்கள் தேறியதாக அறிவித்தது. மானியக் குழு அதை ஏற்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2021-இல் தேர்வு நடத்தியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கல்கத்தாவில் இருவருக்கு ஒரு பாடத்தில் சில மதிப்பெண்களை மன்னித்தது பல்கலைக்கழகம். இங்கே தேர்வையே தவிர்க்கச் சொன்னது அரசு. இரண்டும் ஒன்றல்ல.

2021-இல் வந்த கல்விக் கிரெடிட் வங்கி விதிகளின்படி, மாணவர் பெற்ற கிரெடிட்கள் மின்னணுக் கணக்கில் சேர்கின்றன. ஒரு நிறுவனத்தில் பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. என்றாலும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒட்டிய உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. தரக்குறிகளின் விளக்கமும் விழுக்காட்டு மாற்று விதியும் பட்டியலின் பின்பக்கத்தில் இல்லையென்றால், அதே அலுவலகத்தில் மாற்றுச் சான்றும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.