மறதிநோயும் வைட்டமின் மாத்திரைகளும்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு மருந்தாக அதிகம் சோதிக்கப்பட்ட வைட்டமின்கள் ஃபோலிக் அமிலம், பி6, பி12, ஈ ஆகியவை. இவற்றில் பி வகை மாத்திரைகளின் மீதான நம்பிக்கை ஹோமோசிஸ்டீனிலிருந்து தொடங்கியது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தின் வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும் பொருள் இது. இதை மீண்டும் மெத்தியோனினாக்க ஃபோலிக் அமிலமும் பி12-உம் வேண்டும். வேறு வழியில் கழிக்க பி6 வேண்டும். இவை குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறும். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் கொண்டவர்களிடம் இதன் அளவு கூடுதலாக இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினர்.

அதே குழுவின் டேவிட் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் லேசான நினைவுக் குறைபாடு கொண்ட, 70 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாத்திரை கொடுத்தனர். நாள்தோறும் ஃபோலிக் அமிலம் 0.8 மி.கி., பி12 0.5 மி.கி., பி6 20 மி.கி. முடிவு 2010-இல் வெளியானது. தொடக்கத்திலும் முடிவிலும் மூளை ஸ்கேன் எடுக்கப்பட்ட 168 பேரில், வெற்று மாத்திரை உண்டவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 விழுக்காடு சுருங்கியது. வைட்டமின் உண்டவர்களுக்கு 0.76 விழுக்காடுதான். தொடக்கத்திலேயே ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களிடம் சுருக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

ஆனால் அல்சைமர் வெளிப்பட்டுவிட்ட 409 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையில் (2008) இதே வைட்டமின்கள் அறிவுத்திறன் சரிவைத் தடுக்கவில்லை. சுமார் 22,000 பேரின் தரவுகளைத் திரட்டிய 2014-ஆம் ஆண்டு ஆய்விலும் பயன் தென்படவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு நினைவுக் குறைபாடே இல்லை என்று ஸ்மித் தரப்பு வாதிட்டது. வாதம் நியாயமானதே, என்றாலும் 168 பேரின் ஸ்கேனை மட்டும் நம்பி எல்லோருக்கும் மாத்திரை எழுதிவிட முடியாது.

வைட்டமின் ஈ-யின் கதை வேறு. 613 அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பங்கேற்ற சோதனையில், நாளுக்கு 2,000 யூனிட் பெற்றவர்களுக்கு உடுத்துதல், உண்ணுதல் போன்ற அன்றாடச் செயல்திறன் குறைவது ஆண்டுக்கு 19 விழுக்காடு மெதுவானது, நினைவாற்றலில் மாற்றமில்லை.

2019-இல் உலக சுகாதார நிறுவனம், மறதிநோய் அபாயத்தைக் குறைக்க பி, ஈ வைட்டமின்களையோ கூட்டு மாத்திரைகளையோ பரிந்துரைக்கலாகாது என்று வழிகாட்டியது.

பி12 பற்றாக்குறையாலேயே வரும் மறதி இதில் சேராது; அதற்கு வைட்டமின்தான் சிகிச்சை. பால், முட்டைகூட உண்ணாதவர்கள், நெடுங்காலம் மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்தை எடுப்பவர்கள், இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இக்குறை வரலாம். சீக்கிரம் கண்டறிந்தால் பெரும்பாலும் தேறலாம். பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் இக்குறையைக் காட்டிக்கொடுக்கும் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதமோ தொடரும். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகே மாத்திரை.