மரத்துக்கு என்ன விலை?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு 3,500 வயசு என்பார்கள். அதன் அடியில்தான் அம்பாள் மணலில் லிங்கம் பிடித்துப் பூஜித்தாள் என்கிறது தலபுராணம். நாலு கிளை, நாலு வேதம், நாலு ருசி. மரத்திடம் யாரும் பர்த் சர்டிபிகேட் கேட்டதில்லை.

வயசில்தான் மரத்தின் மதிப்பு இருக்கிறதா? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழக முகப்பில், 'டூமர்ஸ் கார்னர்' என்கிற முக்கில் இரண்டு ஓக் மரங்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஆபர்ன் ஜெயித்தால் ஊரே திரண்டு வந்து அவற்றின் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசும்! நம்மூரில் வேண்டுதலுக்குத் தொட்டில் கட்டுவதில்லையா, அது மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

2010 நவம்பரில் பரம வைரியான அலபாமா அணியை ஆபர்ன் 28-27 என்று ஒரே பாயிண்ட்டில் ஜெயித்தது. பொறுக்குமா? ஹார்வி அப்டைக் என்ற அலபாமா ரசிகர் (மாஜி போலீஸ்காரர் வேறு!) மரங்களுக்குக் களைக்கொல்லி வைத்துவிட்டார். 2011 ஜனவரியில் வேறு பெயரில் ரேடியோவுக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டு மாட்டினார்.

விஷ மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். மிச்ச விஷத்தை உறிஞ்சக் கரித்தூள் போட்டார்கள். ம்ஹூம். 2013 ஏப்ரல் 23 அன்று இரண்டு மரங்களையும் வெட்டி அகற்றினார்கள்.

130 வருஷத்து மரங்கள் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. பார்த்தால், நூறைக்கூடத் தொட்டிருக்கவில்லை! அதற்காக அழுதவர்கள் யாரும் கண்ணீரை வாபஸ் வாங்கவில்லை.

அப்டைக்குக்கு ஜெயில். கூடவே சுமார் 8 லட்சம் டாலர் நஷ்டஈடு. 2020-ல் அவர் இறந்தபோது கட்டியிருந்தது சில ஆயிரம் டாலர்தான். பி.காம். பாஷையில் சொன்னால், மிச்சமெல்லாம் வராக்கடன்.

2015-ல் புது ஓக் மரங்கள் நட்டார்கள். 2016-ல் ஒரு ஆசாமி ஒன்றுக்குத் தீ வைத்தான். 2017-ல் சளைக்காமல் மறுபடி நட்டார்கள். பேப்பர் சுருள்கள் மறுபடி பறந்தன.

காஞ்சியிலும் பட்டுப்போன பழைய மாமரத்தின் அடிப்பாகத்தைக் கோயிலிலேயே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம் சுற்றி வருவது இளைய மரத்தை. பக்தி கொஞ்சமும் குறையவில்லை.

நம் கல்லூரிகளில் புது பிளாக் கட்ட ஒரு பழைய வேம்பைச் சாய்க்கும்போது, கணக்கில் ஏறுவது விறகு விலை மட்டும். அதன் நிழலில் உட்கார்ந்து படித்தவர்கள், காதலித்தவர்கள், அரியர்ஸ் வைத்து அழுதவர்களை எந்தக் காலத்தில் வரவு வைப்பது?