பத்துமலை ஆற்றுக்கு நாம பட்ட கடன்



தைப்பூச வேலை ஆரம்பிச்சாலே நம்ம தொண்டர் குழுவில் புதுசா சேர்ந்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பாங்க. "அண்ணே, முருகனுக்கு இவ்வளவு பெரிய திருவிழா. ஆறு மட்டும் ஏன் இப்படி சேறா ஓடுது?" குப்பைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கொஞ்சம் பழைய கதை. நம்ம கதையும் அதில் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறோம்.

முதலில் ஆறு போகிற பாதையைப் பாருங்கள். நாம் காவடி எடுக்கும் முன் குளிக்கிற சுங்கை பத்து, தெற்கே போய் கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோம்பாக், மஸ்ஜிட் ஜாமேக் பக்கத்தில் கிள்ளான் ஆற்றில் சேர்கிறது. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகப் போய், கிள்ளான் ஊரைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. வெள்ளித்தேர் துன் எச்.எஸ்.லீ சாலை மாரியம்மன் கோயிலில் புறப்பட்டு மலைக்குப் போகிறது. தண்ணீர் மலைப்பக்கத்திலிருந்து நகரத்துக்கு வருகிறது. தேரும் ஆறும் எதிரெதிரே.

அந்த ஆறுகள் கூடுகிற இடத்தில்தான் கோலாலம்பூர் பிறந்தது, அதுவும் ஈயத்துக்காக. 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியாக மேலே அனுப்பினார். அவர்கள் அம்பாங் பக்கம் ஈயம் தோண்டினார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர்தான். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்துதான் போனது.

இதில் நம்ம பங்கு என்ன? 1873இல் மாரியம்மன் கோயிலை அமைத்தவர், பத்துமலையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கிவைத்தவர், கா. தம்புசாமி பிள்ளை. அவரை நாம் தினமும் நன்றியோடு நினைக்கிறோம். அவர் ஈயத்தொழிலும் செய்தவர். லோக் யூ என்ற சீனச் செல்வந்தரோடு சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் நடத்தினார். சுரங்கத் தண்ணீரை இறைக்க மின்சாரப் பம்பு கொண்டுவந்ததில் அவர்கள் முன்னோடிகள். குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் இந்த ஊரில் யார் முன்னுக்கு வந்தாலும் அதில் ஈயத்தின் வாசம் கொஞ்சம் இருக்கும். கோயில் கட்டிய கையும் மண்ணைத் தோண்டிய கையும் வேறு வேறு இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சுரங்கம் மண்ணுக்கு என்ன செய்தது? தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பீய்ச்சி மண்சுவரைக் கரைப்பார்கள். அந்தச் சேற்றைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, பாலோங் என்கிற நீளமான மரவாய்க்காலில் ஓடவிடுவார்கள். கனமான ஈயம் அடியில் தங்கிவிடும். மணலும் குழம்பும் வெளியே போகும். பயிர் வளர்க்கும் மேல்மண் போய்விடும். மிச்சம் இருப்பது பள்ளமும் வெள்ளை மணல்மேடும்தான். குழம்பு ஆற்றில் இறங்கினால் ஆற்றின் தரை உயரும், தண்ணீர் கரை தாண்டும். சிலாங்கூரிலேயே பழைய கோலகுபு ஊர் இப்படி வண்டலில் புதைந்து, கடைசியில் ஊரையே இடம் மாற்றி கோலகுபு பாரு கட்ட வேண்டியதாயிற்று.

சரி, கெட்ட மண் திரும்ப நல்லாகுமா? ஆகும். அதற்குச் சாட்சி பத்துமலையிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. கெப்போங்கில் ஃப்ரிம் என்று நாம் சொல்கிற வன ஆராய்ச்சிக் கழகம். 1926இல் ஃபாக்ஸ்வொர்தி என்ற வன ஆராய்ச்சியாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே ஈயம் தோண்டிக் கைவிட்ட பொட்டல் நிலமும் காய்கறித் தோட்டமும்தான் இருந்தன. மணலில் தண்ணீர் நிற்காது, வெயில் கொளுத்தும். அப்படிப்பட்ட நிலத்தில் முதலில் நிழல் வேண்டும், இலை உதிர்ந்து மட்கி மண் ஆக வேண்டும். பிறகுதான் பெரிய காட்டு மரம் நிற்கும். நட்டவர்களில் பலர் அதன் நிழலைப் பார்க்காமலே போயிருப்பார்கள். இன்று 500 ஹெக்டருக்கு மேல் காடு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த வளாகத்தில் 'காப்பூர்' மரங்கள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது தெரியும். பழங்காலத்தில் நம்ம நாட்டுக்குக் கப்பலில் போன உயர்ந்த கற்பூரம் இந்த மர இனத்திலிருந்து வந்தது. கற்பூரம், காப்பூர் இரண்டும் உறவுச் சொற்கள். தீபாராதனை பார்க்கிற நாம் ஒரு தடவையாவது போய் அந்த மரத்தையும் பார்க்கலாம்.

எல்லாப் பள்ளமும் காடாகவில்லை. சில ஏரியாகி நமக்கு வேறு விதமாக உதவுகின்றன. 1980இல் திறந்த தித்திவங்சா பூங்கா ஏரி பழைய சுரங்கக் குளம்தான். பத்து, ஜிஞ்சாங் பக்கத்துச் சுரங்கக் குளங்கள் இன்று வெள்ளத்தடுப்புக் குளங்கள். பெருமழையில் ஆறு பொங்கும்போது அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. 1926, 1971, 2021 ஆண்டுகளின் வெள்ளத்தை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. 2021 டிசம்பரில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிய நம்ம தொண்டர்களுக்கு வீட்டுக்குள் நின்ற சேற்றின் நாற்றம் இன்னும் நினைவிருக்கும். ஒரு குளத்தை மூடிக் கட்டடம் எழுப்பினால், அது தாங்கிய தண்ணீர் யார் வீட்டு வாசலுக்காவது வரும்.

ஆற்றுக்கும் வேலை நடக்கிறது. 2011இல் தொடங்கிய 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டம் கிள்ளான், கோம்பாக் உட்பட 110 கிலோமீட்டர் ஆற்றைச் சுத்தம் செய்ய எடுத்துக்கொண்டது. கிள்ளான் பக்கம் 2019 முதல் குப்பை அள்ளும் மிதவை இயந்திரம் ஓடுகிறது. அது அள்ளுகிற குப்பையில் நம்ம திருவிழாக் குப்பை எவ்வளவு என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதனால் இந்தத் தைப்பூசத்தில் அன்பர்களிடம் மூன்றே வேண்டுகோள். ஆற்றங்கரையில் எண்ணெய், சாயம், பிளாஸ்டிக் எதையும் தண்ணீரில் விடாதீர்கள். தேங்காய், பூமாலையைத் தொண்டர்கள் வைக்கிற தொட்டியில் போடுங்கள். தண்ணீர்ப் பந்தலுக்கு வரும்போது வீட்டிலிருந்தே ஒரு குவளை எடுத்து வாருங்கள்.

முன்னோர் தோண்டினார்கள், கோயிலும் தந்தார்கள். கெப்போங்கில் யாரோ நூறு வருஷம் பொறுமையாக நட்டார்கள். நமக்கு வந்திருக்கும் வேலை அவ்வளவு பெரியது இல்லை. மேலும் கெடுக்காமல் இருந்தாலே ஆறு தன் பங்கைச் செய்யும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!