கூரைக்கு ஒப்புதல்: அருணை மலையடிவாரத்தில் கட்டட அனுமதியின் வரலாறு

தமிழகத்தில் வீட்டின் மேற்கூரை என்பது வீட்டுக்காரரின் விருப்பத்தையும் வசதியையும் மட்டும் பொறுத்ததாக எக்காலத்திலும் இருந்ததில்லை. பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் ஊர்களைக் கொடையளித்த சோழர் காலச் செப்பேடுகள், வரி நீக்கத்தோடு சேர்த்து, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எழுப்பும் உரிமையையும் 'பரிகாரம்' எனப்பட்ட அரச சலுகைகளுள் ஒன்றாக எண்ணிச் சொல்கின்றன. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு இதற்குச் சான்றாகும். கொங்குநாட்டுக் கம்மாளர்கள் தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் அரசாணை பெற வேண்டியிருந்ததைக் கருவூர்க் கல்வெட்டு காட்டுகிறது. அக்கால அனுமதி கட்டடத்தின் உறுதியை ஆராய்வதாக இல்லை. எவர் எத்தகைய வீட்டில் வாழலாம் என்று தகுதியை அளப்பதாகவே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் தகுதியின் இடத்தைத் தீயச்சம் பிடித்துக்கொண்டது. அருணை எனப்படும் திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானபோது, ஓலையும் புல்லும் வேய்ந்த வீடுகள் நெருங்கிய ஊர்களில் ஓர் அடுப்புப்பொறி ஒரு தெருவையே அழிப்பது கோடைதோறும் நேரக்கூடிய ஆபத்தாக இருந்தது. சென்னை மாகாணத்து 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், துணி, புல், இலை, பாய் முதலான எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கட்டடத்தின் வெளிக்கூரையையோ தாழ்வாரத்தையோ பந்தலையோ நகராட்சியின் ஒப்புதலின்றி அமைக்கக் கூடாது என்று விதித்தது. அதே சட்டம் குடிசைகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றுக்கென வேறு நடைமுறையையும் வகுத்தது. கூரையின் பொருளைக் கொண்டே 'வீடு' என்றும் 'குடிசை' என்றும் ஆவணங்களில் கோடு கிழிக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

சட்டம் கூரையைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான், ஊர்க் குடியிருப்புகளுக்கு அப்பால், செங்கம் சாலையோரத்தில் ரமணாசிரமம் உருவாகத் தொடங்கியது. 1922 மே மாதம் மறைந்த, ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாளின் சமாதிமீது எழுப்பப்பட்ட ஓலைக்கொட்டகையே அதன் முதற் கட்டடம். அவ்வாண்டின் இறுதியில் ரமணர் மலைமீதிருந்த கந்தாசிரமத்தை விட்டு இங்கே தங்கலானார். 1924 சூன் 26 இரவில் புகுந்த திருடர்கள் கொட்டகைக்குத் தீ வைத்துவிடுவதாக மிரட்டியபோது, ரமணர் அது வேண்டாமென்று சொல்லி, உள்ளிருந்தவர்களுடன் தாம் வெளியேறி இடத்தை அவர்களுக்கே விட்டுவிடுவதாகக் கூறினார். நகராட்சிச் சட்டம் எதை அஞ்சியதோ அதுவே திருடர் கையில் ஆயுதமாயிற்று.

அதன்பின் ஆசிரமத்தின் கூரைகள் படிப்படியாக மாறின. பழைய கூடம் ஓட்டுக்கூரை பெற்றது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஆலையின் வழியே பரவிய சீமை ஓடுகள், கைவினை நாட்டு ஓடுகளைவிட எடை குறைந்தவையாகவும் ஒன்றோடொன்று பொருந்துவனவாகவும் இருந்ததால், அக்காலத்தில் தமிழகமெங்கும் விரும்பப்பட்டன. வசதி படைத்தோர் 'மெட்ராஸ் ஒட்டு' எனப்படும் தட்டைக்கூரையை நாடினர்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை நாள்கணக்கில் தட்டி இறுக்குவது அதன் முறை. 1939 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு 1949 மார்ச்சில் குடமுழுக்குக் கண்ட, தாயாரின் சமாதிமீதான மாத்ருபூதேசுவரர் ஆலயமோ வைத்தியநாத ஸ்தபதியின் பொறுப்பில் முழுவதும் கருங்கல்லால் எழுந்தது. ஆயினும் ரமணர் திருவண்ணாமலைக்கு வந்ததன் 1946 பொன்விழாவுக்கு மீண்டும் கீற்றுப்பந்தலே போடப்பட்டது. திரளான மக்களுக்கு விரைவாக நிழல் தர அதைவிட எளிய வழி அன்று இல்லை.

விடுதலைக்குப் பின் அனுமதியின் கேள்விகள் பெருகின. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடலுக்கு உட்படுத்தியது. கூரை எதனால் ஆனது என்பதைவிட, அது எவ்வளவு உயரத்தில், அண்டை மனையிலிருந்து எவ்வளவு விலகி, வீட்டுக்கா கடைக்கா அமைகிறது என்பதே முதன்மை பெற்றது. ஊராட்சிப் பகுதிகளுக்கு 1997ஆம் ஆண்டு விதிகளும், பின்னர் மாநிலம் முழுவதற்குமாக 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் வந்தன. ஓடு மாற்றுதலும் கூரையைப் புதுப்பித்தலும் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அனுமதி தேவைப்படாத சிறு பணிகளாக எண்ணப்படுகின்றன. புதிய தளம் எழுப்புவதற்கு அச்சலுகை இல்லை. 2024 சூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டே திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது.

தீயச்சமோ முற்றிலும் மறையவில்லை. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்ட பின், பள்ளிகளிலிருந்து ஓலைக்கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டமும் 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் வந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தனியே ஒதுக்கிய குடிசையை வீட்டின் வரிசைக்குக் கொண்டுவரும் முயற்சி இது.

ஆனால் 2024 திசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டைப் புதைத்ததில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். ஓலையோ ஓடோ கான்கிரீட்டோ தாங்கக்கூடிய சுமை அன்று அது. தகுதியை அளந்தும், தீயை அஞ்சியும், உயரத்தைக் கணக்கிட்டும் வந்த அனுமதி முறை, அருணை மலையடிவாரத்தில் இனி எந்தக் கூரைக்கும் ஒப்புதல் தருமுன் முதலில் ஆராய வேண்டியது அது நிற்கப்போகும் நிலத்தின் சரிவைத்தான்.