களரியிலிருந்து வகுப்பறைக்கு

சில காலத்துக்கு முன் கிழக்கிலங்கைப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். அதிபரின் அறையில் காத்திருந்தபோது சுவரிலிருந்த நேரசூசி கண்ணிற் பட்டது. ஒன்பதாம் ஆண்டின் அழகியற் பாடவேளைகள் சிவப்பு மையினால் வெட்டப்பட்டு, அவற்றின் மேல் ‘கணிதம்’ என்று எழுதப்பட்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு இப்போதே ஆயத்தம் செய்யவேண்டும் என்று பெற்றோரே வந்து கேட்கின்றனர் என்றார் அதிபர். அவரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. என் மகனின் மிருதங்க வகுப்பை அதே வயதில் நிறுத்திய தகப்பன் நான்.

ஆனால் வீடு திரும்பும் வழியில் வந்தாறுமூலையைக் கடந்தபோது ஒரு பழைய வரலாறு நினைவில் எழுந்தது.

மட்டக்களப்புக் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டு வந்தன. அண்ணாவியார் பழக்குவார், ஊர் கூடிப் பார்க்கும். எனினும் அது ஊர், குடி என்னும் எல்லைகளுக்குள் நின்ற கலை. ஆங்கிலம் படித்தோர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ‘கூத்தாடி’ என்பது அவர்கள் வாயில் வசைச்சொல்.

இந்நிலையை மாற்றியதிற் பெரும் பங்கு அரசாங்கப் பாடசாலைக்கு உண்டு. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்ற இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று வந்தாறுமூலையில் அமைந்தது. கூத்து வாழ்ந்த மண்ணின் பிள்ளைகள் பணம் கட்டாமலே பல்கலைக்கழகம் வரை செல்லும் பாதை திறந்தது.

அப்பாதையிற் சென்றவர்களுள் ஒருவர் சி. மௌனகுரு. வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் படித்துப் பேராதனை சென்றார். அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன், இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணரும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சியை அவர் அருகிருந்து கண்டவர். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. மாணவர்களே ஆடினர். பின்வந்த ‘இராவணேசன்’ கூத்தில் மௌனகுரு இராவணனாக ஆடினார். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக்குழுத் தலைவராக இருந்த வித்தியானந்தன், பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளையும் நடத்துவித்தார். வசைச்சொல்லாக இருந்த ஒன்று பரிசுக்குரியதாயிற்று.

வடக்கிலும் இதையொத்த கதை உண்டு. ஆசிரியரான குழந்தை ம. சண்முகலிங்கம் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி டிப்ளோமா பயின்று திரும்பி, 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பரீட்சைப் பாடம். கூத்தின் இலக்கணத்தை மாணவன் பாடமாகவே கற்கிறான்.

வந்தாறுமூலைக் கதை அத்துடன் முடியவில்லை. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது அதே மத்திய கல்லூரி வளாகத்திலேதான். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அன்று மாணவராக நடமாடிய வளவிலேயே மௌனகுரு பின்னாளில் நுண்கலைத்துறைப் பேராசிரியராக நின்றார்.

பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கலை தனியார் வகுப்பிற் கிடைக்கும். சங்கீத ஆசிரியை வீட்டுக்கே வருவார். அரங்கேற்றத்துக்கு மண்டபமும் கிடைக்கும். வயற்காரனின் பிள்ளைக்கு வாரத்தில் அந்த இரண்டு மூன்று பாடவேளைகளை விட்டால் வேறு வழியில்லை. அவற்றை வெட்டும்போது நாம் பறிப்பது ஒரு பொழுதுபோக்கை அல்ல. இலவசக் கல்வி கொடுத்த உரிமையின் ஒரு பகுதியை. கணிதம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அதற்கான நேரத்தை வேறெங்கேனும் தேடவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

என் மகனின் மிருதங்கம் இன்றும் உறையோடு வீட்டு மூலையில் இருக்கிறது. அவன் கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றான். மிருதங்கத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.